பர்ச்சேஸ் ஆர்டர் மட்டும்தான் இருக்கிறது, தனி ஒப்பந்தம் இல்லை: எதைக் கேட்க முடியும்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிக்கொள்கிறேன். கோவையில் சிறிய ஃபவுண்டரி வைத்திருக்கிறீர்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு 2021 முதல் இருக்கிறது. பெரிய பம்ப் நிறுவனம் ஒன்றுக்கு வார்ப்புகள் அனுப்புகிறீர்கள். அவர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் பர்ச்சேஸ் ஆர்டரைத் தவிர இருவருக்கும் இடையில் வேறு எழுத்து எதுவும் இல்லை. அதில் 90 நாள் தவணை என்றிருக்க, 130 நாள் ஆகியும் பணம் வரவில்லை. நடுவில் டிராயிங்கைத் தொலைபேசியில் மாற்றச் சொன்னார்கள். அதனால் சரக்கு 3 வாரம் தாமதமானது. அந்தத் தாமதத்துக்கே 10 சதவீதம் எல்.டி. (தாமதமானால் பிடிப்பதற்கென்று ஆர்டரிலேயே எழுதிவைக்கும் ஈட்டுத்தொகை) பிடித்துவிட்டார்கள். சரக்கு போய்ச் சேர்ந்து 2 மாதம் கழித்து, மெஷினிங்கில் புளோ ஹோல் (வார்ப்புக்குள் வாயு அடைபட்டு விழும் துளை) தெரிந்தது என்று ஒரு டெபிட் நோட்டும், அதாவது உங்கள் கணக்கில் இவ்வளவு கழிக்கிறோம் என்ற சீட்டும், வந்திருக்கிறது. "ஒப்பந்தமே போடாத நிலையில் எங்களால் எதையாவது கேட்க முடியுமா" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்த வாடிக்கையாளரை விட்டுவிடாமல், அடுத்த ஆர்டரில் இதே நிலைக்கு வராமல் இருப்பது எப்படி? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் வழக்கறிஞன் அல்ல. 14 ஆண்டுகள் கொள்முதல் துறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். பிறகு 9 ஆண்டுகளாகச் சிறு உற்பத்தியாளர்களின் பக்கம் இருந்து ஒப்பந்த வேலைகளைப் பார்த்து வருகிறேன். உங்கள் ஆர்டரின் பின்பக்க நிபந்தனைகளை நான் பார்க்கவில்லை என்பதால், சில இடங்களில் "அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது" என்று நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இத்தகைய வியாபாரத்துக்கு முத்திரைத்தாளையோ "அக்ரிமெண்ட்" என்ற தலைப்பையோ கேட்பதில்லை. ஒருவர் முன்வைத்ததை மற்றவர் முழுமையாக, நிபந்தனை சேர்க்காமல் ஏற்றுக்கொண்டாரா என்பதைத்தான் அதன் 7ஆம் பிரிவு பார்க்கிறது. 2007 அக்டோபரில் டிரைமெக்ஸ் என்ற நிறுவனம் வேதாந்தா அலுமினியத்துக்கு பாக்சைட் விற்க மின்னஞ்சலில் முன்வந்தது. மறுநாளே 5 கப்பல் சரக்குக்கு மின்னஞ்சலில் ஒப்புதல் வந்தது. முறையான பத்திரம் கையெழுத்தாகவில்லை. பின்னர் தகராறு எழுந்தபோது, மின்னஞ்சல்களிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் நிலை அதைவிட வலுவானது: நீங்கள் சரக்கை அனுப்பிவிட்டீர்கள், அவர்கள் கேட் என்ட்ரி போட்டு இறக்கிக்கொண்டார்கள்.

ஆகவே ஒப்பந்தம் உண்டா என்பதைவிட, யாருடைய நிபந்தனைகளின் மேல் உண்டு என்பதே பெரிய கேள்வி. நீங்கள் கொடுத்த விலைப்புள்ளியின் அடியில் உங்கள் நிபந்தனைகள் இருந்திருக்கும்; அவர்கள் அனுப்பிய ஆர்டரின் பின்னால் பொடி எழுத்தில் அவர்களுடையவை இருக்கும். இங்கிலாந்தில் 1977இல் தீர்ப்பான பட்லர் மெஷின் டூல் வழக்கு இதற்குப் பெயர்போனது. விற்பவரின் விலைப்புள்ளியில் விலையேற்ற நிபந்தனை இருந்தது. வாங்குபவரின் ஆர்டரில் அது இல்லை, ஆனால் அடியில் கிழித்து அனுப்ப ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. விற்பவர் அதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினார். பிறகு 2,892 பவுண்டு கூடுதலாகக் கேட்டபோது, அந்தச் சீட்டே அவருக்கு எதிராக நின்றது. நம் ஊரில் அந்தச் சீட்டின் இடத்தில் இருப்பது ஆர்டர் நகலில் சீல் வைத்து "ஏற்றுக்கொள்கிறோம்" என்று திருப்பி அனுப்பும் வழக்கம். உங்கள் அலுவலகத்தில் அதை யார் செய்கிறார்கள், படித்துப் பார்த்துத்தான் செய்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது டெஸ்பாட்ச் பையன் செய்யும் வேலையாக இருக்கும். சீல் வைக்காவிட்டாலும், ஆர்டர் கிடைத்த பின் மறுப்புச் சொல்லாமல் சரக்கு அனுப்பினால் அதையும் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பணத்துக்கு வருவோம். இதில் அவர்களுடைய பொடி எழுத்துக்கு வேலை இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, எழுத்தில் எத்தனை நாள் ஒத்துக்கொண்டிருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 15 நாள். நீங்களே 90 நாளுக்குக் கையெழுத்திட்டிருந்தாலும் 46ஆம் நாளிலிருந்து வட்டி ஓடத் தொடங்கிவிடும். அந்த வட்டியும் சாதாரணமானதல்ல: ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் 3 மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. வங்கி வீதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10 லட்சம் ரூபாய் 6 மாதம் தாமதமானதற்கு ஏறத்தாழ 93,400 ரூபாய் வரும். வாங்குபவர் இந்த வட்டியைத் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் 23ஆம் பிரிவு இடம் தருவதில்லை. அதோடு, வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவுக்குள் 2023இல் சேர்த்த உட்பிரிவு, உரிய கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று ஆக்கியது. அதற்குப் பிறகு மார்ச் மாதம் வந்தால் பெரிய நிறுவனங்களின் கணக்குத் துறைகள் சிறு சப்ளையர்களைத் தாமாகவே கூப்பிட்டுப் பேசுவதைப் பார்க்கிறேன்.

இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே. நடுத்தர நிறுவனங்களுக்குத் தாமதப் பணம் பற்றிய இந்தப் பிரிவுகள் உதவுவதில்லை. 2025 ஏப்ரல் முதல் சிறு நிறுவனத்தின் எல்லை முதலீட்டில் 25 கோடி, விற்பனையில் 100 கோடி என்று உயர்ந்திருப்பதால் நீங்கள் உள்ளே இருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். ஐயத்துக்கு இடமான ஒன்று இங்கே உண்டு. பதிவு செய்வதற்கு முன்பே போட்ட ஒப்பந்தத்துக்கு இந்தச் சட்டத்தின் பலன் கிடைக்குமா? கிடைக்காது என்ற வகையில் 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு அந்தக் கருத்தோடு உடன்படாமல் விஷயத்தைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. உங்கள் ஆர்டர்கள் பதிவுக்குப் பிந்தையவை என்றால் இந்தச் சர்ச்சை உங்களைத் தொடாது. ஆனால் இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சிடாமல் இருந்தால் இன்றே அச்சிடத் தொடங்குங்கள். "நீங்கள் சிறு நிறுவனம் என்று எங்களுக்குத் தெரியாது" என்ற பதிலை நானே ஒரு காலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

எல்.டி. பற்றி உங்களுக்கு நல்ல செய்தி இருக்கலாம். வழக்கமான நிபந்தனை "வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம்" என்றோ "அதிகபட்சம் 5 சதவீதம்" என்றோ இருக்கும். உங்கள் ஆர்டரிலும் வாரத்துக்கு அரை என்றிருந்தால் 3 வாரத் தாமதத்துக்கு 1.5 சதவீதம்தான் வரும். 10 என்பது உச்சவரம்பு. உச்சவரம்பையே வீதமாக நினைத்துக் கணக்குத் துறையினர் பிடித்துவிடுவது நான் அடிக்கடி காணும் பிழை. அடுத்து, அந்தச் சதவீதம் முழு ஆர்டர் மதிப்பின் மேலா, தாமதமான சரக்கின் மதிப்பின் மேலா என்று பாருங்கள். எல்.டி.யோடு ஜி.எஸ்.டி.யும் சேர்த்துப் பிடித்திருந்தால் கேள்வி கேளுங்கள். ஒப்பந்த மீறலுக்கான ஈட்டுத்தொகை ஒரு சேவைக்கான விலை அல்ல என்று 2022 ஆகஸ்டில் வெளியான 178ஆம் எண் சுற்றறிக்கை விளக்கியிருக்கிறது.

அதற்கு மேல் போனால் நிலம் கொஞ்சம் வழுக்கும். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, எழுதிய தொகையை உச்சமாகக் கொண்டு நியாயமான ஈட்டைத்தான் தரச் சொல்கிறது. ஓ.என்.ஜி.சி.க்கும் சா பைப்ஸுக்கும் இடையிலான 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு, முன்கூட்டியே நியாயமாக மதிப்பிட்டு எழுதிய தொகையை நட்டத்தை ரூபாய் கணக்கில் நிரூபிக்காமலே பிடிக்கலாம் என்று வாங்குபவர்களுக்குக் கை கொடுத்தது. 2015இல் வந்த கைலாஷ்நாத் தீர்ப்போ, நட்டமே இல்லாத இடத்தில் ஈடும் இல்லை என்று கோட்டை மறுபக்கம் இழுத்தது. உங்கள் வழக்கில் எது பொருந்தும் என்பது அவர்களுடைய அசெம்பிளி லைன் உண்மையில் நின்றதா என்பதைப் பொறுத்தது. இதைவிட எளிய பிடி 55ஆம் பிரிவில் இருக்கிறது: தாமதமாக வந்த சரக்கை ஏற்றுக்கொள்ளும்போதே "ஈடு கேட்கும் உரிமையை வைத்துக்கொள்கிறோம்" என்று அறிவிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டவர், பிறகு அந்தத் தாமதத்துக்கு ஈடு கேட்க முடியாது. அப்படி ஏதாவது கடிதம் வந்ததா என்று தேடுங்கள். ஆர்டரின் பொது நிபந்தனையிலேயே அந்த உரிமையை வைத்துக்கொண்டதாக எழுதியிருந்தால் அதுவே போதும் என்று அவர்கள் வாதிடுவார்கள் என்பதையும் எதிர்பாருங்கள்.

தாமதத்துக்கு உண்மையான காரணம் டிராயிங் மாற்றம். அதைச் சட்டத்துக்கு முன் என் மேசையிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் இதே தவறை நான் செய்திருக்கிறேன். அப்போது ஒரு நிறுவனத்தில் பர்ச்சேஸ் அலுவலராக இருந்தேன். ஒரு பம்ப் பாடியின் ஃபிளேஞ்ச் தடிமனை 18 மி.மீ.யிலிருந்து 22 மி.மீ. ஆக்கச் சொல்லி டிசைன் துறையில் இருந்தவர் எனக்குப் போன் செய்தார். நான் சப்ளையருக்குப் போன் செய்தேன். அவர் பேட்டர்னை (வார்ப்புக்கு அச்செடுக்கும் மாதிரியை) மாற்றி 140 வார்ப்புகள் ஊற்றி அனுப்பினார். இன்ஸ்பெக்ஷனில் இருந்த பையன் கணினியில் இருந்த பழைய டிராயிங்கை எடுத்துவைத்து வெர்னியரால் அளந்தான். 140க்கும் நிராகரித்ததற்கு அடையாளமாகச் சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டான். அவன் செய்தது சரி. திருத்த ஆணை என் மேசையில் 5 வாரமாகக் கிடந்தது. சப்ளையரிடம் என் அழைப்புக்குச் சான்று எதுவும் இல்லை. என் டைரியில் ஒரு வரி இருந்ததால்தான் அவருக்குப் பணம் கிடைத்தது. அந்த வரியை நான் எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் நானும் பிறகு பேசிக்கொண்டதில்லை.

வாங்குபவர் செய்ய வேண்டியதைச் செய்யாததால் விற்பவரின் வேலை தடைப்பட்டால், அந்தத் தவறுக்கு விற்பவரைப் பொறுப்பாக்க முடியாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 67ஆம் பிரிவிலேயே இருக்கும் கருத்து. டிராயிங்கை நடுவில் மாற்றுவதும் அந்த வகையில் வரும் என்று நிச்சயமாக வாதிடலாம். ஆனால் மாற்றம் நடந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். போன் அழைப்பை வைத்த உடனே நீங்கள் எழுத வேண்டிய மின்னஞ்சல் மூன்று வரிதான்: "இன்று காலை 11 மணிக்குத் தொலைபேசியில் நீங்கள் கேட்டபடி ஃபிளேஞ்ச் தடிமனை மாற்றுகிறோம். பேட்டர்ன் திருத்தச் செலவு இவ்வளவு, சப்ளை தேதி 3 வாரம் தள்ளிப்போகும். திருத்த ஆணையை அனுப்பிவைக்கவும்." பதில் வராவிட்டாலும் இந்தக் கடிதம் உங்களுக்காகப் பேசும். கடிதம் எழுதினால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்று பல சிறு முதலாளிகள் அஞ்சுகிறார்கள். அந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி எழுதும் சப்ளையரை எங்களுக்குப் பிடிக்கும், ஆடிட்டர் கேட்கும்போது காட்ட எங்களிடமும் ஒரு தாள் இருக்கும். வாட்ஸ்அப் செய்தியும் சான்றுதான், ஆனால் அந்த எஞ்சினியர் வேலையை விட்டுப் போய், நீங்கள் போனை மாற்றிய பிறகு அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

டெபிட் நோட் விஷயம்தான் இவற்றில் சிக்கலானது. சிறு தொழில் சட்டப்படி, சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால், சரக்கு சேர்ந்த நாளே அதை ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், நியாயமான காலம் கடந்தும் மறுக்காமல் வைத்துக்கொண்டவர் ஏற்றுக்கொண்டவரே என்கிறது. இதை வைத்து "2 மாதம் கழித்து வந்த டெபிட் நோட் செல்லாது" என்று உங்களுக்குப் பலர் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஏற்றுக்கொண்டதால் சரக்கைத் திருப்பி அனுப்பும் உரிமையை அவர்கள் இழக்கலாம், பணம் கொடுக்க வேண்டிய கெடு தொடங்கிவிடும். ஆனால் தரக் குறைவுக்கு ஈடு கேட்கும் உரிமை அதோடு தீர்ந்துபோவதில்லை. வார்ப்பைப் பொறுத்தவரை இது நியாயமும்கூட. தோலுக்கு அடியில் இருக்கும் புளோ ஹோல் கட்டிங் டூல் உள்ளே போகும்போதுதான் வாயைத் திறக்கும். எந்த இன்ஸ்பெக்டரும் கேட்டில் நின்று அதைப் பார்க்க முடியாது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: எத்தனை வார்ப்பு, எந்த ஹீட் எண் (எந்த உருக்கலில் ஊற்றியவை), படம் எங்கே, குறையுள்ள வார்ப்புகளை எங்கள் ஆள் வந்து பார்க்கலாமா, அவை இப்போது எங்கே இருக்கின்றன. அவர்கள் அவற்றை ஸ்கிராப்பில் போட்டுவிட்டு டெபிட் மட்டும் அனுப்பியிருந்தால் அவர்களுடைய நிலை பலவீனம். மெஷினிங் கூலியையும் சேர்த்து டெபிட் செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆர்டரில் அதற்கு இடமிருந்தால் ஒரு பேச்சு, இல்லாவிட்டால் வேறு பேச்சு. அடுத்த ஆர்டரில் ஒரே ஒரு வரி சேர்த்தால் இந்தத் தலைவலி பாதி தீரும்: மெஷினிங்கில் தெரியும் குறைகளை இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், மாற்று வார்ப்பு தரப்படும், மெஷினிங் கூலி இவ்வளவு வரைதான்.

இவற்றைப் படித்துவிட்டு ஒப்பந்த நிர்வாகம் என்பது விற்பவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நான் வாங்குபவராக இருந்தபோது எங்களுக்கு நட்டம் வந்ததெல்லாம் நாங்கள் தேதிகளைக் கவனிக்காத இடங்களில்தான். ஒரு முறை சப்ளையர் கொடுத்த வங்கி உத்தரவாதம் மார்ச் 31இல் முடிந்தது. இயந்திரம் பழுதானது ஏப்ரல் இரண்டாம் வாரம். வாரண்டி காலமோ ஜூன் வரை இருந்தது. உத்தரவாதம் வாரண்டி முடிந்த பிறகும் 60 நாளாவது உயிரோடு இருக்க வேண்டும் என்று அரசுக் கொள்முதல் விதிகள் வைத்திருப்பது இதனால்தான். ஆர்டர் எழுதும் அலுவலர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் சப்ளை தேதி, ஆட்சேபக் கெடு, பணக் கெடு, உத்தரவாதம் முடியும் நாள், வாரண்டி முடியும் நாள் என்று எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. "சாம்பிள் போல" என்று ஆர்டரில் எழுதிவிட்டு அந்தச் சாம்பிளைச் சீல் வைத்துப் பாதுகாக்காத கொள்முதல் துறைகளைப் பற்றி நான் தனியாகப் புலம்ப வேண்டும்.

விலை பற்றிச் சுருக்கமாக: பிக் அயர்ன், ஸ்கிராப் விலை ஏறினால் வார்ப்பு விலையும் ஏறும் என்ற வாய்மொழிப் புரிதல் போதாது. எந்த விலைப் பட்டியல், எந்த மாத விலை அடிப்படை, எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் திருத்தம், இறங்கினால் குறைப்போமா என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். பணம் வரும் வரை அவர்களுடைய பேட்டர்னைத் தர மாட்டேன் என்று பிடித்து வைக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் ஒப்படைத்த பொருளின் மேல் உழைப்பைச் செலவிட்டவருக்கு அந்தப் பொருளை நிறுத்தி வைக்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. நீங்கள் உழைத்தது வார்ப்பின் மேல், பேட்டர்னின் மேல் அல்ல. திருத்தக் கூலிக்கு வேண்டுமானால் அந்த வாதம் நிற்கலாம். வார்ப்பின் முழு நிலுவைக்கும் அது நீளுமா என்பது எனக்கு ஐயமே.

இப்போது செய்யக்கூடியவை. எல்.டி. கணக்கைத் திருத்தக் கோரி ஒரு கடிதம், டெபிட் நோட்டை ஏற்கவில்லை என்று காரணங்களோடு ஒரு கடிதம், நிலுவைக்கும் வட்டிக்கும் ஒரு கடிதம் என மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றில் தகராறு இருப்பதால் மற்றதும் முடங்கக் கூடாது. அவர்களுடைய விற்பனை 250 கோடிக்கு மேல் என்றால், சிறு நிறுவனங்களின் பில்களுக்கு வங்கிகள் முன்பணம் தரும் டிரெட்ஸ் இணையத் தளத்தில் அவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். அவர்கள் அதில் உங்கள் பில்லை ஒப்புக்கொண்டாலே வங்கி உங்களுக்குப் பணம் கொடுத்துவிடும், உறவும் கெடாது. அதுவும் நடக்காவிட்டால், சிறு நிறுவனங்களின் தாமதப் பணத் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்கக் குழுமத்தில் அதற்கான அரசு இணையத் தளத்தின் வழியாக மனு கொடுக்கலாம். வாங்குபவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் இடத்துக் குழுமமே விசாரிக்கும், கோவையிலேயே ஒன்று இருக்கிறது. 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம்; நான் பார்த்தவை அதைவிட நீண்டன. ஆனால் தீர்ப்பை எதிர்த்துப் போக விரும்பும் வாங்குபவர் அந்தத் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதால், பெரும்பாலோர் நோட்டீஸ் வந்த உடனே பேச வருகிறார்கள். நிலுவையைக் கேட்க 3 ஆண்டுக் கெடு உண்டு; அவர்கள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் அந்தக் கெடு புதிதாகத் தொடங்கும். ஆகவே மார்ச் முடிவில் அவர்களுடைய ஆடிட்டர் அனுப்பும் நிலுவை உறுதிக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அதில் எல்.டி.யையும் டெபிட் நோட்டையும் கழித்த தொகையை எழுதியிருந்தால் அப்படியே சீல் வைத்துத் திருப்பி அனுப்பாமல், உங்கள் லெட்ஜரில் உள்ள தொகையையும் வித்தியாசத்துக்கான காரணத்தையும் அதன் கீழேயே கையால் எழுதி, அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.